வெறுங்காணி என்று எழுதிய பலகை

துணியை இழுத்தவர் என் அப்பா. இந்த வாரம் நான் எழுதப்போகும் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து புக்கெகோஹியைத் தாண்டித் தெற்கே காரில் போனால் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர் வரும். பெயரை எழுதவில்லை. வேலைக்காக இன்னமும் அந்த வழியே போய்வருகிறேன். ஒரு மண்டபம், பூட்டிய தேவாலயம், டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு சின்ன மளிகைக் கடை, பெட்ரோல் பம்ப், ரக்பி மைதானம். அவ்வளவுதான் ஊர்.

மண்டபத்தின் முகப்புச் சுவரில் பலகை பொருத்தப்பட்டிருந்தது. அதை மூடியிருந்தது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொன்னாடை. சிறப்பு விருந்தினரின் தோளில் போடுவோமே, ஜரிகைக் கரை வைத்த அதே துணிதான். காலையிலிருந்து தூறல். ஜரிகை நனைந்து பலகையோடு ஒட்டிப்போயிருந்தது. உள்ளே மேசையின் ஒரு பக்கம் அவர்களுடைய ஸ்கோனும் ஜாமும், மறுபக்கம் எங்கள் வடையும் சம்பலும். வெளியே ஈர மண்ணும் வெங்காயமும் சேர்ந்த வாடை.

மண்டபக் கமிட்டியின் செயலாளர் கேரல், அப்பாவின் முழங்கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனார். அப்பா இழுத்தார். துணி வரவில்லை. இன்னொரு தடவை பலமாக இழுத்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

பலகையில் இருந்தது நான் வரைந்த படம். அந்த ஊரின் முதல் குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்த காணிகள், ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர், பழைய வண்டிப்பாதை, முதல் பள்ளிக்கூடம், முதல் சணல் ஆலை. எல்லாம் சரி. ஆனால் அந்தக் காணிகளுக்கு அடியிலும் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் நான் வரைந்திருந்தவை எதுவும் இல்லை. ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகள் இல்லை. குமரா கிழங்குத் தோட்டங்கள் இல்லை. வீடுகள் இல்லை. அவை இருந்த இடம் முழுவதும் இளம்பச்சை. அந்தப் பச்சையின் நடுவே ஆங்கிலத்தில், அழகான சாய்ந்த எழுத்தில், 'வெறுங்காணி'.

கீழே இடது மூலையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எங்கள் சங்கத்தின் பெயர், முன்னால் 'உபயம்' என்ற சொல்லோடு. வலது மூலையில் 'வரைபடம்: தாரணி'.

தாரணி நான்தான்.

ஒரே மாதிரிப் பலகைகள்

நான் நில அளவை படித்தவள். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு சிறிய அளவை நிறுவனத்தில் வேலை. பழைய காணிப் படங்களைக் கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. அதனால் ஆக்லாந்தின் தெற்கே, கவுண்டி என்ற பழைய உள்ளூராட்சிக் காலத்தில் முளைத்த சிற்றூர்கள் பெரும்பாலும் எனக்குப் பழக்கம். நான் போய்ப் பார்த்த ஊர்களில் எல்லாம் ஒரு பலகை உண்டு. பார்க்கப் பார்க்க அவற்றில் என்ன இருக்கும் என்று ஒரு பட்டியலே மனதில் உருவாகிவிட்டது:

கப்பலின் பெயர்.
கரையிறங்கிய குடும்பங்கள்.
வெட்டிய காடு, எரித்த மரக்கட்டை.
முதல் கோதுமை, முதல் பால் பண்ணை, முதல் பள்ளி ஆசிரியை.
ஆற்றில் மூழ்கிய முதல் குழந்தை.

கடைசி வரியை நான் எப்போதும் இரண்டு தடவை வாசிப்பேன். அந்தப் பெண்கள் பட்ட பாடு பொய்யில்லை. சேற்றில், கூடாரத்தில், மருத்துவர் இல்லாத இடத்தில் பிள்ளை பெற்றவர்கள். அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை.

என் கோபம் பட்டியலில் இல்லாதவற்றைப் பற்றியது. அந்தக் காணிகள் எங்கிருந்து வந்தன என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. ஒரு போர் நடந்தது. போர் முடிந்ததும் அரசு இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாஓரி மக்களின் நிலத்தைப் பறித்தது. பறித்ததைக் கயிறு பிடித்து அளந்து, எண் போட்டு, கப்பலில் வந்தவர்களுக்குக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பலகைக்கு மட்டும் தெரியாது.

பிறகு வந்த காலமும் பலகைகளில் இல்லை. இந்தத் தோட்டங்களில் முழங்காலில் நின்று வெங்காயம் பிடுங்கிய மாஓரிக் குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தன. இந்தியர்களும் சீனர்களும் குத்தகைக்குத் தோட்டம் செய்தார்கள். முடிவெட்டும் கடையில் அவர்களுக்கு நாற்காலி கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. எங்களைப் போன்ற நிறத்தவர்கள்தான். எங்கள் சங்கத்தில் இதை ஒருமுறை சொன்னபோது, அதெல்லாம் குஜராத்திக்காரரின் கதை, எங்களுடையது இல்லை என்று பதில் வந்தது.

காரேஜில் பிள்ளையார்

சங்கம் எதற்காகப் பலகை செய்து கொடுத்தது என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம்.

எங்களுக்கு ஒரு கோயில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பூசை செய்கிறோம். நேரம் முடிந்தால் பராமரிப்பாளர் வாசலில் வந்து நின்று சாவியை ஆட்டுவார். அரைகுறையாகத் தீபம் காட்டிவிட்டு, பிள்ளையாரைத் துவாயில் சுற்றி, அப்பாவின் கார் டிக்கியில் வைப்போம். கிழமை முழுக்கப் பிள்ளையார் கிளென் ஈடனில் உள்ள எங்கள் வீட்டுக் காரேஜில் இருப்பார், புல் வெட்டும் இயந்திரத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில். அப்பா வேலைக்குப் போகும் முன் காரேஜ் கதவைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய்க் கும்பிடுவார். அந்த முதுகைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அந்தச் சிற்றூரின் ஓரத்தில் ஒரு பழைய வெங்காயக் கொட்டகையும் கொஞ்சக் காணியும் விலைக்கு வந்தன. கவுன்சில் அனுமதித்தால் வாங்கலாம் என்று சங்கம் ஒப்பந்தம் போட்டது. அனுமதி கிடைக்க வேண்டுமானால் அக்கம்பக்கத்தவர்கள் எதிர்க்காமல் இருக்க வேண்டும். அப்போதுதான் மண்டபத்தின் ஆண்டுவிழா வந்தது. முன்னோடிகளின் பலகைக்குச் செலவை ஏற்க ஆதரவாளர் தேடுகிறோம் என்று கேரல் ஒரு வார்த்தை சொன்னார். எங்கள் சங்கத் தலைவர் சுகுமார் அங்கிள் அந்த ஒரு வார்த்தையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கு நாங்கள் ஒண்டு செய்தால், ஊர் எங்களுக்கு ஒண்டு செய்யும்," என்றார். "படம் கீற எங்கட வீட்டுப் பிள்ளையே இருக்கு. நியூசிலாந்தையே அளக்கிற பிள்ளை."

பகிடிதான். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அழிக்கக் கூடாது

எங்கள் தொழிலில் முதல் வாரத்திலேயே கற்றுத்தருகிற ஒழுங்கு ஒன்று உண்டு. களத்தில் எழுதிய அளவு பிழையென்று தெரிந்தால் அதை அழிக்கக் கூடாது. மேலே ஒரு கோடு மட்டும் இழுக்க வேண்டும், அடியில் இருப்பது வாசிக்கத் தெரியும்படி. சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். அழிறப்பரோடு களத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று சண்டை வரும் நாளில், அழித்த தாளுக்கு மதிப்பே இல்லை.

இந்த ஒழுங்கால்தான் அந்தச் சாம்பல் நிறக் கோடுகள் எனக்குக் கிடைத்தன. குடியேறிகளுக்காக அந்த மண்ணை அளந்தவர், தன் படத்தில் காணி எல்லைகளுக்கு அடியில் தான் கண்டதையும் மெல்லிய கோட்டில் குறித்திருந்தார். இங்கே தோட்டம், இங்கே வீடு, இங்கே நடைபாதை. பறித்த நிலத்தைப் பங்குபோட வந்த மனிதர் அவர். நல்லவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணில் பட்டதை எழுதினார்.

கோடு மட்டும் போதாது. என் அலுவலகத்தில் எதிர் மேசையில் ஹினே இருக்கிறாள். என் வயதுதான், சேர்ந்து படித்தோம். அவள் வீட்டார் அந்த ஆற்றங்கரையைச் சேர்ந்த மாஓரிகள். நான் அந்தக் கோடுகளை அவளிடம் காட்டினேன். தன் சித்தி மராமாவிடம் கேட்க வேண்டும் என்றாள். ஒரு சனிக்கிழமை மராமாவும் இன்னும் சிலரும் வந்து, சப்பாத்தில் சேறு ஒட்ட, அந்த வேலியோரம் முழுவதும் எங்களோடு நடந்தார்கள். எதைப் படத்தில் போடலாம், எதைப் போடக் கூடாது என்று தங்களுக்குள் பேசி முடிவுசெய்தார்கள். இறந்தவர்களை வைத்த இடத்தைப் போட வேண்டாம் என்றார்கள். நான் போடவில்லை. மற்றதைப் போடு என்றார்கள். போட்டேன்.

அது எனக்குத் தரப்பட்ட நம்பிக்கை. எடுத்துக் காட்டிவிட்டுத் திருப்பி ஒளித்துவைக்க அவர்கள் தரவில்லை.

கை தூக்கிய கூட்டம்

படத்தை அனுப்பிய பிறகு கேரலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மிக மரியாதையான மின்னஞ்சல். படம் அற்புதம், ஆனால் சாம்பல் பகுதி பார்வையாளர்களைக் குழப்புகிறது, சில பழைய குடும்பங்கள் சங்கடப்படுகின்றன, ஆண்டுவிழா எல்லோரும் மகிழும் நாளாக இருக்க வேண்டும், அந்த அடுக்கை மட்டும் எடுத்துவிட முடியுமா? அண்டை வீட்டார் கோயில் விஷயத்தை நல்ல மனதோடு பார்க்க அது உதவும் என்று கடைசி வரியில் இருந்தது.

அந்தக் கடைசி வரியை மூன்றாம் தரம் வாசித்த பிறகுதான் எனக்குக் கோபம் முழுதாக வந்தது.

சங்கக் கூட்டம் எங்கள் காரேஜில். மடிப்பு நாற்காலிகள், பிளாஸ்டிக் கோப்பையில் பால் விடாத பிளேன் ரீ. சுகுமார் அங்கிள் மின்னஞ்சலை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உது பெரிய வேலை இல்லைத்தானே? ஒரு பட்டனை அமத்தினால் போய்விடும் எண்டு நீதான் சொன்னாய்."

சொன்னது உண்மை. கணினியில் ஒவ்வொரு விவரமும் ஓர் அடுக்கு. ஒன்றை மறைக்க ஒரு சொடுக்குப் போதும். அழிறப்பர் கூடத் தேவையில்லை.

முடியாது என்றேன். காரணத்தையும் நிதானமாகச் சொன்னேன். நான் கோபத்தில் குரலை உயர்த்துவதில்லை. அதனாலோ என்னவோ, என் கோபத்தை யாரும் கோபமாகக் கணக்கெடுப்பதில்லை.

சங்கத்தின் பொருளாளர் மீனாட்சி அக்கா, திருச்சிக்காரர், வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். "தாரணி சொல்றது சரிதாங்க. இது தப்புதான்," என்றார். கொஞ்ச நேரம் கோப்பையைச் சுழற்றினார். "ஆனா நமக்கு இடம் வேணுமே. என்ன பண்றது?"

சுகுமார் அங்கிள் வாக்கெடுப்பு என்றார். சாம்பல் அடுக்கை எடுப்பதற்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம். கைகள் எழுந்தன. மீனாட்சி அக்காவின் கையும். அப்பாவின் கையும்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா இலங்கையில் வன்னியில் பிறந்தவர். இளைஞனாக இருந்தபோது ஒரு நாள் இராணுவ வாகனம் ஒலிபெருக்கியோடு வந்து அவருடைய ஊரை வெளியேறச் சொன்னது. உடுத்த உடையோடு போனார்கள். ஊர் சும்மா கிடக்கவில்லை. அரசாங்கம் வேறு குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றியது, ஓட்டு வீடு கட்டிக் கொடுத்தது, ஊருக்கு வேறு பெயர் வைத்தது. சந்தியில் ஒரு கல் நட்டார்கள். காடாகக் கிடந்த இந்த இடத்தை வெட்டித் திருத்தியவர்கள் இவர்கள் என்று அந்தக் கல்லில் இருப்பதாக, போய்ப் பார்த்துவந்த ஒருவர் சொன்னார். அன்று அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்குப் பத்து வயது இருக்கும். தட்டில் கத்தரிக்காய்க் கறி இருந்தது. பிறகு அதை அம்மா கொட்டினார்.

அந்த அப்பாதான் கை தூக்கினார்.

எல்லோர் முன்னாலும் கேட்டேன். "அப்பா, உங்கட ஊர்க் கல்லில என்ன எழுதியிருக்கு?"

"அது வேற, பிள்ளை."

"என்ன வேற?"

"அங்க எங்களை அடிச்சுக் கலைச்சவங்கள். இஞ்ச நாங்கள் ஆரையும் கலைக்கேல்லை. நாங்கள் ஒரு மூலையில சாமி கும்பிட இடம் கேக்கிறம். அவ்வளவுதான்."

"கலைச்சவைக்குக் கல்லு எழுதிக் குடுக்கிறம் அப்பா."

யாரோ ஒருவர் இருமினார். சுகுமார் அங்கிள் பிள்ளையாரைப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாமியைவிடக் கணினி பெரிசு என்றார். சிலர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

என் படத்தையும் பெயரையும் பயன்படுத்த வேண்டாம் என்று அன்றே சங்கத்துக்கு எழுதி அனுப்பினேன். ஆனால் மூலக் கோப்பு ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது, எல்லா அடுக்குகளோடும். ஆடி பிறப்பதற்குள் திறந்துவிட வேண்டும், ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்று சுகுமார் அங்கிளுக்கு ஒரே அவசரம். ஓர் ஆங்கிலேயக் கிராம மண்டபத்தின் ஆண்டுவிழாவை எங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து முன்னுக்கு இழுத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். அவரே சொடுக்கினார், காலியான இடத்தில் அந்த ஆங்கிலச் சொல்லை அவரே போட்டார், அவரே அச்சகத்துக்கு அனுப்பினார். என் பெயரை எடுக்க மறந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். மறதி என்று நான் நம்பவில்லை. படித்த பிள்ளை வரைந்தது என்றால் பலகைக்கு மதிப்பு.

விழாவன்று கேரல் பேசும்போது எங்களைப் 'புதிய முன்னோடிகள்' என்று அழைத்தார். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். முகங்களில் அவ்வளவு மகிழ்ச்சி. வெட்கத்தில் நான் கையிலிருந்த வடைத் தட்டைக் குனிந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை

உள்ளூர்ப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் படம் வந்துவிட்டது. அப்பா, கேரல், பலகை, ஈரப் பொன்னாடை. நான் அலுவலகம் போனபோது ஹினேயின் திரையில் அது திறந்திருந்தது. பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"உன் பெயரை நல்ல எழுத்தில் போட்டிருக்கிறார்கள்," என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் நிறுத்தவில்லையே, விழாவுக்குப் போனேனே, கையில் தட்டோடு நின்றேனே. அவள் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நெடுநாள் அவள் மதியச் சாப்பாட்டைத் தன் மேசையிலேயே சாப்பிட்டாள். எதிர் எதிரே இருந்துகொண்டு வேலை விஷயங்களை மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டோம்.

அதே பலகை

அடுத்து நடந்ததை நான் கற்பனை செய்திருந்தால் மிகையென்று நீங்களே ஒதுக்கியிருப்பீர்கள்.

கோயில் விண்ணப்பம் பொதுமக்கள் கருத்துக்கு வந்தது. எதிர்ப்புகள் குவிந்தன. போக்குவரத்து, சத்தம், வாகனத் தரிப்பு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். முதன்மையான எதிர்ப்பு வேறு. இந்த ஊர் ஒரு முன்னோடி விவசாயக் குடியிருப்பு, வெறும் நிலத்தில் சில குடும்பங்கள் தங்கள் உழைப்பால் உருவாக்கியது, அந்த மரபுக்கு இப்படியொரு கட்டடம் பொருந்தாது. ஆதாரமாக ஒரு படம் இணைக்கப்பட்டிருந்தது.

எங்கள் பலகை. எங்கள் 'உபயம்' உட்பட. என் பெயர் உட்பட.

கையெழுத்திட்டவர்களில் கேரலும் ஒருவர். சுகுமார் அங்கிள் தொலைபேசியில் கேட்டபோது, தனிப்பட்ட முறையில் உங்கள் மேல் எங்களுக்கு எதுவுமில்லை, உங்கள் சாப்பாடு எல்லோருக்கும் பிடிக்கும் என்றாராம்.

மனிதர்களின் இரண்டகம் எனக்குப் புதிதல்ல. ஆனால் கேரலின் மேல் வந்த கோபம் எனக்குச் சின்னக் கோபம்தான். அவர் தன் தாத்தாவின் வேலியைக் காத்தார். எங்கள் ஆட்கள் எதைக் காத்தார்கள்? இன்னொருவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் எங்களை இருக்கவிடுவார்கள் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையைக் காசு கொடுத்து அச்சடித்துச் சுவரில் மாட்டினோம்.

அந்த வார இறுதியில் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"பிள்ளை, அந்த மற்றப் படம் இருக்குதோ? சாம்பல் நிறம் உள்ளது."

"ஏன்?"

"கவுன்சிலுக்குக் குடுக்கலாம் எண்டு சுகுமார் சொல்லுறான். இது வெறுங்காணி இல்லை, முந்தியும் வேற சனம் இருந்தவை எண்டு காட்டினால், எதிர்க்கிறவையின்ர கதை நிக்காது."

கையில் இருந்த பேனாவை மூடிவைத்தேன். வேண்டாதபோது மறைத்தோம். வேண்டும்போது எடுக்கப் பார்க்கிறோம். இரண்டு தடவையும் அந்த மக்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

"அது என்ர படம் இல்லை அப்பா. அவையின்ர. வேணுமெண்டால் நீங்கள் போய்க் கேளுங்கோ."

அப்பா போய்விட்டார். பல நாட்கள் வீட்டில் பேச்சு குறைந்தது. அம்மா இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டார். பிறகு ஒரு காலையில், அப்பா சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "சரி. என்னைக் கூட்டிக்கொண்டு போ."

ஆற்றங்கரையில்

ஹினேயிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்டேன். அவள் நடந்ததையெல்லாம் சொல்லி மராமாவிடம் கேட்டாள். வரச் சொன்னார்கள். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் கூடும் இடத்தை மராய் என்பார்கள். ஒரு முற்றம், அதன் எதிரே மண்டபம், பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம். வாசலில் காத்து நின்றோம். உள்ளிருந்து ஒரு பெண் குரல் எங்களை அழைத்தது. நடந்து போனோம், வரவேற்புப் பேச்சுக் கேட்டோம், ஒவ்வொருவரோடும் மூக்கோடு மூக்குத் தொட்டு வணங்கினோம். அப்பா தன் நல்ல வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் நீளமான மேசை, பெரிய கேத்தலில் தேநீர்.

மராமா என் அம்மா வயதுக்காரர். ஒரு பள்ளியில் கணக்குப் பிரிவில் வேலை. சுற்றிவளைக்காமல் பேசுபவர். அப்பா எந்த மலையை, எந்த நீரைச் சேர்ந்தவர் என்று முதலில் கேட்டார். இங்கே ஒருவரை அறிந்துகொள்ள அப்படித்தான் கேட்பார்கள்.

வெளியாட்கள் யார் கேட்டாலும் யாழ்ப்பாணம் என்று சொல்லி முடித்துவிடுவது அப்பாவின் வழக்கம். அதுதான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அன்று அப்படிச் சொல்லவில்லை.

"நாவலடிமுறிப்பு," என்றார். மலை இல்லை, ஒரு குளம் இருந்தது என்றார். அதற்குமேல் ஆங்கிலம் வராமல் தமிழுக்கு மாறினார். இருவருக்கும் இடையில் நான் மொழிபெயர்த்தேன்.

இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று மராமா கேட்டார்.

வேறு ஆட்கள், அரசாங்கம் கொண்டுவந்தவர்கள் என்றார் அப்பா. பழைய பெயர் இப்போது எங்கேயும் இல்லை, அது முன்பு காடு என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள் என்றார்.

"காடாகத்தான் இருந்ததா?"

அப்பா தலையை ஆட்டினார். "இல்லை. வயல். எங்கட வீடு. ஐயா நட்ட மா இரண்டு."

மராமா தன் கோப்பையை மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அந்தக் குரலைத் தெரியும்.

"அப்படியானால், நீங்கள் கை தூக்கியபோது உங்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது."

இதை மென்மையாக்கித் தமிழில் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். சொல்லும்போது அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றே பார்த்தேன்.

"ஓம்," என்றார். "தெரியும்."

"பிறகு ஏன்?"

மேசைத் துணியின் மடிப்பை அப்பா விரலால் நீவிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடத்தின் அடுத்த மூலையில் யாரோ பாத்திரம் அடுக்கும் சத்தம். ஹினே என் பக்கத்தில் இருந்தாள்.

"எங்களுக்கு ஒரு இடம் வேணும் எண்டு நினைச்சன்."

நான் மொழிபெயர்த்தேன். மராமா அப்பாவைப் பார்த்தார். வெறுப்போடு அல்ல.

"கப்பலில் வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள்," என்றார்.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

படத்தை அவர் கேட்கவே இல்லை. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தோம். கேட்காமல் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, பலகையைக் கழற்றச் சொல்லி மண்டபத்துக்கும், அதில் இருப்பது பிழை என்று கவுன்சிலுக்கும் தான் எழுதப்போவதாகச் சொன்னார். சங்கத்தின் பெயரில் அல்ல, தன் பெயரில். தன் சங்கமே செய்த பலகை பொய் என்று அவரே எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் போட்ட சங்கத்தின் சொல்லையே கவுன்சில் நம்பாது, கோயில் கைவிட்டுப் போகலாம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சுகுமார் அங்கிள் இனி எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டார் என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும்.

மராமா நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் என்றார்.

திரும்பும் வழியில் நான்தான் காரை ஓட்டினேன். என் கோபம் ஆறியிருக்கவில்லை, இதை எழுதும்போதும் ஆறவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கணினியைத் திறந்துதரச் சொன்னார். முதல் வரியை ஆங்கிலத்தில் எப்படித் தொடங்குவது என்று கேட்டார்.

தமிழில் சொல்லுங்கோ என்றேன்.

"நான் பிழை எண்டு தெரிஞ்சுகொண்டே செய்தனான் எண்டு போடு."

போட்டேன்.